அட்டையில் கஸ்தூரியின் பெயர்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் கஸ்தூரியைத் தெரியாதவர் இல்லை. அப்போது அவர் ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளர். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் புதுப்பித்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. காலையில் பேருந்தை விட்டு இறங்கியதும் நூலகப் புத்தகத்தைக் கடையில் கொடுத்து, அன்றைய பாடத்துக்கான படங்களை நகல் எடுப்பார். கல்லூரியில் அந்தப் புத்தகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மானாம்பதியிலிருந்தும் மாகறலிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு அதை விலைக்கு வாங்கக் கட்டுப்படியாகாது.

ஒவ்வொரு படத்தின் அடியிலும் வரைந்தவரின் பெயர் இருக்கும்: தினகரன். கஸ்தூரி அதன்மேல் ஒரு வெள்ளைத் தாள் துண்டை வைத்து மறைத்துவிட்டுத்தான் நகலெடுப்பார். பெயர் தெரியாவிட்டால் சிக்கல் வராது என்று ஆசிரியர் அறையில் எல்லோரும் நம்பினார்கள். படித்தவர்கள் கூடி நம்பினால் யார் கேட்பது? உண்மையில், வகுப்பில் பாடம் நடத்த ஆசிரியர் நகலெடுத்துத் தரச் சட்டமே இடம் தருகிறது. பயப்படத் தேவையில்லாத இடத்தில் பயந்து, செய்யக் கூடாததைச் செய்துகொண்டிருந்தார் கஸ்தூரி. இப்போது ஐயங்கார்குளத்துப் பக்கம் வேறொரு கல்லூரியில், குறைந்த சம்பளத்தில், பெயரோடுதான் நகலெடுக்கிறார்.

அப்போது பெயரை மறைத்து எடுத்த அந்த நகல்கள் உத்திரமேரூர் கல்லூரியின் தாளாளர் ஜானகிராமனின் கண்ணில் பட்டன. எல்லாவற்றையும் சேர்த்துப் புத்தகமாக அச்சடித்து, ஒவ்வொரு மாணவரும் வாங்கியே ஆக வேண்டும் என்றார். அட்டையில் அவர் படம், கீழே 'ஆசிரியர்: ஜானகிராமன்'. மனிதர் படித்தது வணிகவியல். கறிவேப்பிலையைக்கூட சாம்பாரில் பார்த்தால்தான் அடையாளம் தெரியும். கஸ்தூரிக்கு வயிறு எரிந்தது. வேலையை நினைத்து வாயை மூடிக்கொண்டார்.

மே மாதம் தினகரனின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. மறுநாளே தாளாளர் கஸ்தூரியைக் கூப்பிட்டார். மேசையில் புது ஒப்பந்தத் தாளும் அந்தப் புத்தகத்தின் பிரதி ஒன்றும் இருந்தன. அட்டையில் தாளாளரின் படத்தையும் பெயரையும் மறைத்து ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது: 'ஆசிரியர்: கஸ்தூரி'.

"பாத்தியாம்மா, உம் பேரப் பெருசா போட்டுகீறேன். எல்லாம் உன் உழைப்புதானே? இந்த புக்கு என்னுதுதான்னு நோட்டீசுக்கு ஒரு பதில் எழுதி கையெழுத்து போட்டுடு. அப்பால அக்ரிமெண்ட்ல நான் போட்டுடறேன்."

தன் பெயரை அச்சில் கஸ்தூரி பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். பிறகு அவருக்குக் கோபத்தில் காது சூடேறியது.

"சார், கிளாசுக்கு காப்பி எடுத்துக் குடுத்தது நானு. தினகரன் சார் பேர மறைச்சதும் நான்தான். அது தப்பு. அவருக்கு நானே எழுதி மன்னிப்பு கேட்டுக்கறேன். ஆனா அத புக்கா போட்டு வித்துக்கினு இருந்தது நீங்க."

"அப்போ வேலை வாணாமா?"

"வேணும் சார்," என்றார் கஸ்தூரி.

சொல்லிக்கொண்டே ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பி மெதுவாக உரித்தார். ஒட்டி அதிக நேரம் ஆகியிருக்காது, கிழியாமல் வந்துவிட்டது. அடியில் ஜானகிராமன் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.