அடிபட்டுச்சு

அன்று மத்தியானம் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: அப்பா, அம்மா, சித்தப்பா, நான். சித்தி இல்லை, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். அடிபட்டவரும் இல்லை. அவர் வலது கையில் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருக்கு என்ன நடந்தது என்பதை அவர் இல்லாத இடத்தில் உட்கார்ந்து நான்தான் எழுதினேன். எனக்கு அப்போது பதினாறு வயது.

கொடி மாறிய மறு வருஷம் அது. பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள், ஆனால் போலீஸில் ஆட்கள் அதே ஆட்கள், தலையில் அதே சிவப்புக் கெப்பி, மேசையில் அதே பிரெஞ்சுக் காகிதங்கள். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே ஸ்டேஷனில் போலீஸ்காரர்கள். எங்கள் வம்சத்தில் எழுத்துப் படித்தவர் யாரும் இல்லை. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும். பிரெஞ்சில் வணக்கம் சொல்லவும் சல்யூட் அடிக்கவும் வரும், அவ்வளவுதான்.

முத்தியால்பேட்டை வீட்டின் காலை நேரங்களை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். கிணற்றடி மாடத்தில் ஒரே ஒரு கண்ணாடி. அப்பா மீசையை ஒதுக்க ஆரம்பித்தால் எழுந்து போக மாட்டார். பின்னால் சித்தப்பா சட்டைப் பித்தான்களைப் போட்டுக்கொண்டே நிற்பார்.

"அண்ணே, நேரமாவுது. அந்த மூஞ்சிய எவ்ளோ நேரம் பாத்தாலும் அதேதான்."

"வாய மூடுடா. உனுக்கும் சேத்துத்தான் பாக்கறேன்."

உண்மைதான். இருவருக்கும் ஒரே முகம். வயதில் பன்னிரண்டு வருஷ வித்தியாசம் இருந்தும் கெப்பி வைத்துவிட்டால் தெருமுனையில் யார் வருவது என்று எனக்கே தெரியாது. தாத்தா இறந்தபோது சித்தப்பா கைக்குழந்தை. அப்பாதான் வளர்த்தார். தம்பிக்கு வேலை கேட்டு ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் வாசலில் மூன்று நாள் நின்றார். "இவன் தப்பு பண்ணா என் கெப்பிய எடுத்துக்குங்க" என்று சொல்லி வேலை வாங்கித் தந்தாராம். சித்தப்பா இதைப் பலபேர் நடுவில் சொல்லிச் சிரிப்பார்.

என்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவரும் அவரே. என்னை 'முசே' என்றுதான் கூப்பிடுவார். வெள்ளைக்காரத் துரைகளைக் கூப்பிடும் சொல் அது. "முசே எறங்குங்க, பள்ளிக்கொடம் வந்துடுச்சி. நல்லா படிச்சி எங்கள ஏவுங்க."

ஸ்டேஷனில் பிரெஞ்சில் அறிக்கை எழுதித் தந்துகொண்டிருந்த எழுத்தர் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டார். அதன்பின் அப்பா தமிழில் சொல்ல, நான் வீட்டில் பிரெஞ்சில் எழுதித் தருவேன். மேலதிகாரியைப் பிரிகாதியே என்பார்கள். அவர் படித்துவிட்டு, "உன் பையன் கை முத்து முத்தா இருக்குய்யா" என்றாராம். அப்பா அதை அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார். நான் உள்ளே இருந்து இரண்டு தடவையும் கேட்டேன்.

நடந்தது இதுதான். தேங்காய்த்திட்டில் மீன் ஏலத்தில் இரண்டு பேருக்குள் சண்டை. அப்பாவும் சித்தப்பாவும் போனார்கள். சண்டை போட்டவர்கள் கூட்டத்தில் நழுவிவிட்டார்கள். விலக்கிவிட்டுக்கொண்டிருந்த ஒரு மீனவர்தான் கைக்கு அகப்பட்டார். "நான் இல்ல சார்" என்று அவர் கையை நீட்டித் தடுத்தார். சித்தப்பாவின் லத்தி அந்தக் கையில் விழுந்தது. மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அப்பா நான்கடி தள்ளி நின்று பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா கெப்பியைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் குந்திக்கொண்டார்.

"அண்ணே, நான் வேணும்னு அடிக்கல."

"லத்தி தானா போச்சா?"

"ரெண்டு பேரும் சாப்ட்டுட்டுப் பேசுங்க" என்றாள் அம்மா.

"எறங்காது அண்ணி."

"எறங்கலன்னா தண்ணி குடி. பசி வயித்தோட பேசற பேச்சு நல்லால்ல."

யாரும் சாப்பிடவில்லை. அப்பா முற்றத்தில் அங்கும் இங்கும் நடந்தார். காகிதத்தை எடு என்றார். நான் எடுத்துவைத்து மையைத் தொட்டுக்கொண்டு காத்திருந்தேன். வெகுநேரம் கழித்துத்தான் வாக்கியம் வந்தது.

"எழுதுடா. கைகலப்பு நடந்த எடத்துல இந்த ஆளுக்கு மணிக்கட்டுல அடிபட்டுச்சு."

சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். "யாரு அடிச்சதுன்னு கேட்டா?"

"கேட்டா சொல்லிடுவேன். கேக்கற கேள்விக்குப் பொய் சொல்ல எனக்கு வராது. ஆனா தம்பிதான் அடிச்சான்னு நானா எழுதவும் எனக்குக் கை வராது. நீயே பிரிகாதியேகிட்ட போய்ச் சொல்லு. அவரு கேக்கற வரைக்கும் உனுக்கு நேரம் இருக்கு."

அப்பா அந்த ஒரு சொல்லில் தன் தம்பியையும் தன் மனசாட்சியையும் சேர்த்து உட்கார வைத்தார். அடிபட்டது. யார் அடித்தது என்று அந்தச் சொல் சொல்லாது, ஆனால் கேட்க இடம் விடும். கேள்வி வருவதற்குள் தம்பி தானே போய்ச் சொல்லிவிடுவான் என்று அவர் நம்பினார்.

பிரெஞ்சில் அப்படி எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை. அந்த மாதம்தான் பள்ளியில் ஒரு வகை வினைச்சொல் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குளித்துக்கொண்டான், உடுத்திக்கொண்டான் என்பதுபோல வினை செய்தவன் மேலேயே திரும்பும். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதைப் போட்டு எழுதினேன்: இல் ஸெ ப்ளெஸே. எழுதிமுடித்து ஒருமுறை வாசித்தேன். காதுக்கு நன்றாக இருந்தது. அப்பா கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஒரு வாரம் ஸ்டேஷனில் யார் கூப்பிட்டாலும் அதுதான் என்று எழுந்து நின்றதாக அப்பா பிறகு சொன்னார். பிரிகாதியே கூப்பிடவில்லை. சித்தப்பாவும் போகவில்லை. நாளைக்குப் போறேன் என்றார்; சித்திக்கு வலி கண்டுடுச்சு, குழந்தை பிறக்கட்டும் என்றார். குழந்தை பிறந்தது. ஒரு நாள் அப்பா கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு, "கேக்கவே இல்ல" என்றார்.

"கடவுளா பாத்து விட்டுட்டாரு" என்றாள் அம்மா.

அப்பா தம்பியின் குழந்தையைப் பார்க்கக் கிளம்பினார்.

கழுத்துக் கட்டில் தொங்கிய கையோடு அந்த மீனவர் புகார் கொடுக்க வந்தாராம். பிரிகாதியே அறிக்கையை எடுத்துக் காட்டி, "நீயா உழுந்து கைய ஒடச்சிக்கினு போலீஸ் மேல பழி போடறியா?" என்று விரட்டினாராம். அப்பா அன்று டூட்டியில் இல்லை. வேறொரு போலீஸ்காரர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னபோது அறிக்கையில் இல்லாததைச் சொன்னது பிரிகாதியேயின் தந்திரம் என்று அப்பா நினைத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சில மாதங்கள் கழித்து, வகுப்பில் ஆசிரியர் அந்த வினைச்சொற்களை மறுபடி எடுத்தார். பலகையில் அவர் எழுதிய உதாரணம் என்னுடைய வாக்கியம்தான். "காயம் பட்டது யாருக்கு?" என்று கேட்டார். அவனுக்கு என்றோம். "காயப்படுத்தியது யார்?" பதிலையும் அவரே சொன்னார். "அவனேதான். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டான்" என்று சொல்லிவிட்டு அடுத்த உதாரணத்துக்குப் போய்விட்டார். நான் போகவில்லை. பிரிகாதியே ஏன் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பா திறந்துவைத்த கதவை நான்தான் சாத்தியிருந்தேன்.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். அந்த வருஷம் நான் பள்ளியில் பிரெவே என்ற பரீட்சை தேறினேன். சித்தப்பா ஒரு முழ நீள ரொட்டியை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "எங்க ஊட்டு முசே பாஸ் பண்ணிட்டாரு!" என்று தெரு முழுக்க ஆளுக்கொரு துண்டு பிய்த்துக் கொடுத்தார். கடைசித் துண்டை என் வாயில் திணித்தார். அதை மென்றுகொண்டு எப்படிச் சொல்வது? நாளை சொல்லலாம் என்று நானும் சித்தப்பா மாதிரியே நினைத்தேன்.

அந்த மீனவரின் மனைவி எங்கள் தெருவில் மீன் விற்றார். புருஷனால் வலை இழுக்க முடியாததால் கூடை சுமக்க வந்தவர். அம்மா தெருவில் எல்லோரிடமும் பேரம் பேசுவாள், இவரிடம் பேச மாட்டாள்.

"இன்னாம்மா, என்கிட்ட மட்டும் சொன்ன வெலைய குடுக்கற?" என்று ஒருநாள் அவர் கேட்டார்.

"உன் மீனு நல்லா இருக்கு."

"நேத்து கெட்டுப்போன மீனுக்கும் அதே வெலதான் குடுத்த."

அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதை அவர் அளந்துகொண்டுதான் இருந்திருப்பார்.

எனக்கு அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்க்கும் குமாஸ்தா வேலை கிடைத்தது. வெளியூரிலிருந்து வந்த அதிகாரிகளுக்குப் பிரெஞ்சு தெரியாது. பழைய கோப்புகளை நாங்கள் இங்கிலீஷில் ஆக்கித் தருவோம். மூன்றாவது வருஷம் ஒரு மனு வந்தது. தேங்காய்த்திட்டிலிருந்து, கைநாட்டு வைத்தது. என் புருஷன் கையை ஒடித்தது போலீஸ், தானாக விழவில்லை, விசாரிக்க வேண்டும். கூடவே பழைய அறிக்கை. மொழிபெயர்க்கச் சொல்லி என் மேசைக்கு வந்தது. என் பதினாறு வயது எழுத்து, முத்து முத்தாக.

உள்ளதை உள்ளபடி இங்கிலீஷில் எழுதினால் போதும், சித்தப்பா தப்பிவிடுவார். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டான். மொழிபெயர்ப்பு சுத்தமாக இருக்கும். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. என் வேலை அவ்வளவுதான். இரண்டு நாள் அந்தக் கோப்பை மற்றக் கோப்புகளுக்கு அடியில் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிணற்றடியில் அப்பாவிடம் சொன்னேன். எந்தச் சொல்லைப் போட்டேன், அது என்ன சொல்கிறது, எப்போது எனக்குத் தெரிந்தது, எல்லாம். அவர் அடிப்பார் என்று நினைத்தேன். வாளியைக் கீழே வைத்தார்.

"அப்ப பிரிகாதியே என்னைக் கேக்காம உட்டது..."

"கேக்க ஒண்ணுமே இல்லப்பா அதுல."

"நான் இத்தினி வருஷமா கடவுள்னு நெனச்சிக்கினு இருந்தேன்டா" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு நேராகச் சித்தப்பா தனிக்குடித்தனம் இருந்த வீட்டுக்குப் போனார். நானும் போனேன். சித்தப்பா மடியில் இரண்டாவது பிள்ளை. அப்பா உட்காரவில்லை.

"நாளைக்கு நான் போய்ச் சொல்லப்போறேன். அதுக்கு முன்னாடி நீ போ. நீயா போனா கொஞ்சம் கொறையும்."

"அண்ணே, ரெண்டு புள்ளைங்க இருக்கு எனுக்கு."

"அந்தாளுக்கு மூணு."

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். குரல் மிகவும் மெதுவாக இருந்தது. "முசே, நீ எதையும் மாத்த வேணாம். அதுல இன்னா இருக்குதோ அதையே எழுது. அது போதும். பொய்கூட இல்ல."

"அதுல இருக்கறதே பொய் சித்தப்பா. நான் எழுதுன பொய்."

சித்தி உள்ளேயிருந்து வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு போனாள். எங்களுக்குக் காப்பி வரவில்லை. அந்த வீட்டில் காப்பி தராமல் என்னை அனுப்பியது அதுதான் முதல் முறை.

சித்தப்பா போகவில்லை. திங்கட்கிழமை அப்பா கெப்பியோடு போய் விசாரணை அதிகாரி முன் நின்றார். நான் அறிக்கையை உள்ளபடி மொழிபெயர்த்து, அடியில், இந்தப் பிரெஞ்சு வாக்கியம் தவறு, தமிழில் சொல்லப்பட்டது வேறு, எழுதியவன் நான் என்று ஒரு குறிப்பு வைத்திருந்தேன். அதிகாரி அதைப் படித்துவிட்டு அப்பாவைக் கேட்டார். "யார் அடித்தது?"

ஐந்து வருஷம் காத்திருந்த கேள்வி. அப்பா உடனே பதில் சொன்னாராம். "என் தம்பி, சார். நான் பாத்தேன்."

சித்தப்பாவுக்கு வேலை போனது. தெரிந்தும் மறைத்ததற்காக அப்பாவை, பென்ஷனும் குறையும் என்று சொல்லி, முன்கூட்டியே ஓய்வில் அனுப்பினார்கள். நான் அன்று பள்ளிப் பையன் என்பதால் கண்டித்ததோடு விட்டார்கள். மீனவருக்கு அரசாங்கம் ஏதோ கொடுத்தது; வலை இழுக்கும் கையைக் கொடுக்க முடியவில்லை. அவர் மனைவி எங்கள் தெருவுக்கு வருவதை நிறுத்தவில்லை. அம்மா இப்போது அவரிடம் பேரம் பேசுகிறாள். இருவரும் நன்றாகச் சண்டை போடுகிறார்கள்.

சித்தப்பா எங்கள் வாசலை மிதிக்கவில்லை. இந்த வருஷம் இந்தியாவா பிரான்சா, எந்த நாட்டுக் குடிமகன் என்று அவரவர் எழுதிக்கொடுக்கச் சொன்னபோது அவர் பிரான்ஸ் என்று எழுதிக்கொடுத்தார். குடும்பத்தோடு பம்பாய்க்கு ரயில் ஏறி அங்கிருந்து கப்பல். யாரோ சொல்லி அப்பா ரயில் ஸ்டேஷனுக்குப் போனார். பெட்டிக்கு வெளியே நின்றாராம். சித்தப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தும் திரும்பவில்லையாம். வண்டி நகர்ந்தபோது பெரிய பிள்ளை அப்பாவைப் பார்த்துத் தன் அப்பாவின் தோளைத் தட்டினானாம், அதே முகம் வெளியே இன்னொன்று நிற்கிறதே என்று. வீட்டுக்கு வந்து அதை மட்டும் சொன்னார்.

போன வாரம்தான் அப்பாவின் பென்ஷன் உத்தரவு வந்தது. அப்பா என்னிடம் நீட்டினார். அம்மா அரிசி களைந்த கையோடு வந்து நின்றாள்.

"எவ்ளோ கொறச்சிருக்காங்க?"

படித்துச் சொன்னேன். மாதம் பதினாலு ரூபாய் குறைவு, அப்பா இருக்கும் வரைக்கும்.