சாமிக்கு விலாசம் சொன்ன என் அம்மா

போன தைப்பூசம் முடிந்த மறுவாரம் என் தம்பி குமரன் காணாமல் போனான். மூன்று நாள். அந்த மூன்று நாளில் எனக்கு நடந்ததை நம் கோயில் மக்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டே இருக்கிறது. மைக்கைப் பிடித்துப் பேச எனக்கு வராது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

என் பெயர் சரசு. வயது ஐம்பத்து மூன்று. ராசா என்கிற சின்ன ஊரில் இருக்கிறேன். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. என் வீட்டுக்காரர் தவறிப் போய் ஆறு வருஷம் ஆகிறது. குமரனுக்கு நாற்பத்தொன்று. குழந்தையில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அவன் உடம்பு வளர்ந்தது, அறிவு வளரவில்லை. குளிப்பாட்ட வேண்டும். சோறு பிசைந்து கொடுக்க வேண்டும். தெரியாதவர்கள் பேசினால் வாயே திறக்க மாட்டான்.

அவனைக் கிட்டத்தட்ட நாற்பது வருஷம் பார்த்துக்கொண்டது எங்கள் அம்மா. நாங்கள் முன்பு குடியிருந்த தோட்டத்தில், எண்ணெய் எடுக்கிற செம்பனைப் பழம் பொறுக்கப் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போவார். வீட்டில் அவன் தட்டில் சோறு விழாமல் எங்கள் யார் தட்டிலும் விழாது. என்னையும் என் இன்னொரு தம்பி சந்திரனையும் அம்மா அடித்திருக்கிறார். குமரனை அதட்டியதுகூடக் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

“அவன அதட்டாதடி சரசு. பயந்து போயிருவான்.”

சரிம்மா என்றேன். சொல்வது சுலபமாக இருந்தது.

அம்மா போன பிறகு என் நாள் இப்படித்தான். விடியுமுன் எழுந்து அவனைக் குளிப்பாட்டி, பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டு, ரயில் ஏறி வேலைக்குப் போக வேண்டும். எட்டு மணி நேரம் நின்று வேலை. வீட்டுக்கு வந்தால் மறுபடி அவன். முட்டி வலி. ஞாயிற்றுக்கிழமை துணி. யாரிடமும் ஒரு கை கொடுங்கள் என்று நான் கேட்டதில்லை. அம்மா கேட்கவில்லையே, நான் எப்படிக் கேட்பது என்ற வீம்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் துவைத்துக் காயப்போட்ட துணியை எல்லாம் குமரன் எடுத்துப்போய்க் கால்வாய்த் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தான். எனக்கு உதவி செய்கிறானாம். காலையிலிருந்து அது மூன்றாவது தடவை. எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. கத்தினேன்.

“அம்மாவோட நீயும் போய்ச் சேர்ந்திருக்கலாம்ல!”

அவன் என்னைப் பார்த்தான். துணியைக் கீழே வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

நான் போய்க் கூப்பிடவில்லை. ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அன்றைக்கு உட்கார்ந்து சோற்றைச் சூடாகச் சாப்பிட்டேன். வீடு அமைதியாக இருந்தது. இப்படியே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

இரண்டு மணிக்குப் பிறகுதான் பயம் பிடித்தது. அவன் வழக்கமாகப் போய் நிற்கும் கடை, ரயில் ஸ்டேஷன், திடல், எங்கும் இல்லை. ரவாங்கிலிருந்து சந்திரன் ஓடி வந்தான். போலீஸில் எழுதிக் கொடுத்தோம். குமரனின் படத்தைப் பிரதி எடுத்துக் கடை கடையாக ஒட்டினோம். அம்பாங் பெச்சா வரைக்கும் ஒரு பக்கம், உலு யாம் வரைக்கும் ஒரு பக்கம் தேடினோம்.

காரில் வரும்போது சந்திரன் கேட்டான், “அக்கா, அவன் சும்மா போக மாட்டானே. நீ ஏதும் சொன்னியா?”

“ஒண்ணும் சொல்லலடா” என்றேன்.

திங்கள் போனது. மழை பெய்தது. எங்கே நனைகிறானோ, யார் அவனுக்குச் சோறு பிசைவார்களோ.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பழைய தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குப் போனேன். செம்பனைக் காட்டுக்குள்ளே இருக்கிறது. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்களை எல்லாம் இடித்துவிட்டார்கள். கோயில் மட்டும் நிற்கிறது. சூடம் வாங்கிப் போகக்கூடத் தோன்றவில்லை. ஐயா முன்னால் மண்ணில் உட்கார்ந்தேன். வேண்டிக்கொள்ள வார்த்தை வரவில்லை. அவ்வளவு களைப்பு.

“ஐயா, நாந்தான் அவனப் போகச் சொன்னேன். எனக்கு முடியல ஐயா.”

அவ்வளவுதான் சொன்னேன். அழக்கூட இல்லை. வீட்டுக்கு வந்ததும் சந்திரனிடம் நடந்ததைச் சொன்னேன், நான் கத்திய வார்த்தையோடு. அவன் தலையைக் குனிந்துகொண்டான். திட்டவில்லை.

அன்று சாயங்காலம் ஏழரை மணி இருக்கும், போன் வந்தது. தெரியாத ஆண் குரல்.

“அக்கா, என் பேரு செல்வம். மீன் லோரி ஓட்டறேன். கோல சிலாங்கூருல ஒரு சாப்பாட்டுக் கடையில இருக்கேன். இங்க ஒருத்தர் கையக் கூப்பிக்கிட்டு சாமிகிட்ட என்னமோ சொல்றாரு லா. சரசுன்னு சொல்றாரு. ராசா ஸ்டேஷனுக்குப் பின்னால பச்சை கேட்டு வீடுன்னு சொல்றாரு. ராசாவுல பட்டறை வச்சிருக்கிற கூட்டாளிக்கு போன் போட்டேன். கடைச் சுவத்துல ஒட்டியிருக்குன்னு உங்க நம்பரக் குடுத்தான்.”

எனக்குப் புரிந்துவிட்டது.

தோட்டத்தை விட்டு ராசாவுக்கு நாங்கள் வீடு மாறி வந்தபோது அம்மாவுக்கு ஒரே கவலை. முனியாண்டி தோட்டத்திலேயே இருக்கிறாரே, நாம் வந்த இடம் அவருக்குத் தெரியுமா? அதனால் தினமும் பொழுது சாய்ந்து விளக்கேற்றியதும் குமரனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சத்தமாகச் சொல்லுவார். “முனியாண்டி ஐயா, ராசா ஸ்டேஷனுக்குப் பின்னால பச்சை கேட்டு வீடு. சரசு, சந்திரன், குமரன், மூணு பேரையும் பாத்துக்க. குமரனுக்கு ஒண்ணும் தெரியாது. நீதான் கூட இருக்கணும்.” சாமிக்கே விலாசம் சொல்கிறாயா என்று நானும் சந்திரனும் சிரிப்போம். அம்மா காதில் வாங்க மாட்டார். குமரன் கூடவே சொல்லுவான். அம்மா போன பிறகு நான் அவசரமாக விளக்கை ஏற்றிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். அவன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்றுகூட நான் கவனித்ததில்லை.

சந்திரன் காரை எடுத்தான். எங்கள் ஊரிலிருந்து கோல சிலாங்கூருக்குக் காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடையில் குமரன் வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைக்கார அம்மா மலாய்க்காரர். காக் யா, அதாவது யா அக்கா, என்று கூப்பிடுகிறார்கள். என்னைப் பார்த்ததும் அவர் முதலில் சொன்னது, “டியா சுடா மாக்கான்.” அவன் சாப்பிட்டுவிட்டான் என்று.

திங்கட்கிழமை காலையில் கடை வாசலில் நனைந்துபோய் நின்றானாம். எப்படி அவ்வளவு தூரம் போனான் என்று இன்றுவரை தெரியாது. பெயர் கேட்டால் பதில் இல்லை. போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போகலாமென்றால் வண்டியில் ஏற மாட்டேன் என்று அழுதிருக்கிறான். பாவம் என்று மகனுடைய சட்டையைப் போட்டுவிட்டு, சோறு போட்டு வைத்திருக்கிறார். முதல் நாள் பொழுது சாயும்போது கடை விளக்கைப் போட்டதும் கைகூப்பிச் சொல்லியிருக்கிறான். தமிழ் தெரிந்தவர் யாரும் அப்போது இல்லை. மறுநாள் அவன் சொல்லும்போது செல்வம் தம்பி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

நான் குமரன் காலைப் பிடித்துக்கொண்டு, “அக்கா தப்பா சொல்லிட்டேன்டா” என்றேன். அவன் என் தலையைத் தடவி, “வீட்டுக்குப் போவோம்க்கா” என்றான்.

என் களைப்பு தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். முட்டி வலி அப்படியே இருக்கிறது. குமரன் துணியை இன்னும் தண்ணீரில் முக்குகிறான். ஆனால் இப்போது சனி ஞாயிறு சந்திரன் வந்து அவனை ரவாங்குக்கு அழைத்துப் போகிறான். நான் வாய்விட்டுக் கேட்டேன், அதனால் வருகிறான். இத்தனை வருஷம் கேட்காதது என் தப்பு.

விளக்கேற்றினால் நானும் பக்கத்தில் நிற்கிறேன். அவன் சொல்லி முடிக்கும்வரை அடுப்படிக்குப் போவதில்லை. போன மாதம் ஒரு நாள், யாரும் சொல்லிக் கொடுக்காமல், எங்கள் மூன்று பேர் பெயருக்குப் பிறகு, “காக் யாவையும் பாத்துக்க” என்று சேர்த்துக்கொண்டான்.

வீட்டில் நோயாளியையோ வயசானவரையோ வைத்துக்கொண்டு ஓய்ந்துபோய் இருக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். வார்த்தை வரவில்லையே, கோபத்தோடு இருக்கிறேனே என்று நினைத்துக் கோயிலுக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். முடியவில்லை என்றால் முடியவில்லை என்றே போய்ச் சொல்லுங்கள். ஐயா அதையும் கேட்டுக்கொள்கிறார். நான் சொன்னதைக் கேட்டார்.