பினாங்கில் எனக்குக் கிடைத்த நிருபர் அட்டை

திங்கள்கிழமை காலை 9.40க்கு விமானம் பாயான் லெப்பாஸில் இறங்கியது. ஜார்ஜ் டவுனுக்குப் பதினாறு கிலோமீட்டர். வாடகைக் காருக்கு முப்பது வெள்ளி, அதாவது ரிங்கிட். ஓட்டுநர் தமிழர். "பசியாறிட்டீங்களா அக்கா?" என்றுதான் பேச்சைத் தொடங்கினார். காலைச் சாப்பாட்டை இங்கே அப்படித்தான் விசாரிக்கிறார்கள். நான் திருச்சியிலிருந்து வரும் நிருபர் என்றதும், "அப்ப மொதல்ல காட் எடுத்துருங்க. காட் இல்லாட்டி ரொம்ப சூசா லா, எந்த வாசல்லயும் விடமாட்டான்" என்றார். சூசா என்றால் மலாயில் கஷ்டம்.

அந்த அட்டை எனக்கு வியாழக்கிழமைக்குள் வேண்டியிருந்தது. அறந்தாங்கிப் பக்கத்து முருகேசன் இங்கே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பழுதான இயந்திரத்தில் வலது கை விரல்கள் இரண்டு போயின. நஷ்டஈடு கேட்டு அவர் கொடுத்த புகாருக்கு வியாழன் காலை விசாரணை. அரசு அங்கீகார அட்டை இல்லாத வெளிநாட்டு நிருபருக்கு அந்த அறையில் இடமில்லை.

11.30க்கு அட்டை வழங்கும் அலுவலகத்தில் இருந்தேன். முகப்பில் புஷ்பா என்ற தமிழ்ப்பெண் நான்கு பக்கப் படிவம் கொடுத்தார். மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம்: சந்திக்கவிருக்கும் நபர்களின் பெயர், கடவுச்சீட்டு எண், பணியிடம். பேனா கொஞ்சம் நின்றது.

"எல்லாத்தையும் நிரப்பிருங்க அக்கா. ஒரு கட்டம் காலியா இருந்தாலும் மேல திருப்பி அனுப்பிருவாங்க" என்றார் புஷ்பா.

முருகேசனின் கடவுச்சீட்டு நகல் என் கைப்பேசியில் இருந்தது. பார்த்து எழுதினேன். அழகான கையெழுத்தில், ஓர் எழுத்துகூடப் பிழையில்லாமல்.

செவ்வாய்க்கிழமை காலை முழுவதும் அலைக்கழிப்பு. பத்திரிகை ஆசிரியரின் கடிதம் தமிழில் இருக்கிறது, ஆங்கிலத்தில் வேண்டும். ஆங்கிலத்தில் வந்தது, முத்திரை மங்கலாக இருக்கிறது. புகைப்படத்தின் பின்னணி நீலமாக இருக்க வேண்டும். படி ஏறி இறங்கியதில் என் கோபமெல்லாம் முத்திரை மீதும் நீலத்தின் மீதும் போய்க்கொண்டிருந்தது. கோபப்பட வேண்டிய இடம் வேறு என்று அன்று மாலைதான் தெரிந்தது.

மாலை நான்கு மணிக்குத் தொழிலாளர் விடுதிக்கு அருகிலிருந்த சாப்பாட்டுக் கடையில் முருகேசனைச் சந்தித்தேன். இருபத்தாறு வயது. இடது கையால் தேநீர்க் குவளையைப் பிடிக்க இன்னும் பழகவில்லை; மேசையெல்லாம் சிந்தியது. ஒரு மணி நேரம் பேசினார். எழும்போது சொன்னார்: "அக்கா, நான் உங்ககிட்ட பேசுனதா வியாழக்கிழமை வரைக்கும் எம்பேரு எங்கயும் வந்துறக் கூடாது. கம்பெனிக்குத் தெரிஞ்சா விசாரணைக்கு முன்னாடியே ஊருக்கு ஏத்திவிட்ருவாங்க. எனக்கு முன்னாடி ரெண்டு பேர அப்படித்தான் அனுப்புனாங்க."

"வராது தம்பி" என்றேன். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

புதன் காலை எட்டு மணிக்கு, கதவு திறக்கும்போதே அலுவலகத்தில் நின்றேன். படிவத்தைத் திருப்பிக் கேட்டேன். புஷ்பா மாடிக்குப் போய் வந்தார். முகம் மாறியிருந்தது.

"பைல்ல சேத்தாச்சு அக்கா, எடுக்க முடியாதாம். கம்பெனி பேரு போட்டிருந்ததால, சரிபார்க்கச் சொல்லி அவங்களுக்கும் ஒரு காப்பி நேத்தே போயிருச்சாம்."

"யாரைக் கேட்டு அனுப்பினீங்க?"

மாடியிலிருந்து இறங்கி வந்த அதிகாரி ஆங்கிலத்தில், மிக மரியாதையாக, இது வழக்கமான நடைமுறை என்றார். நான் கத்தினேன். அடிபட்டவனின் பெயரை அடித்தவனிடம் கொடுப்பதா உங்கள் நடைமுறை என்று கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அட்டை நாளை காலை தயாராகிவிடும், மேடம்" என்றார். அவருடைய பொறுமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முருகேசனின் கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது. அவரது அறைத்தோழரின் எண்ணுக்கு அழைத்தேன்; எடுத்தார். "காலைல ஆறு மணிக்கே வேன் வந்துச்சுக்கா. பெட்டியக் கட்டச் சொல்லி ஏர்போட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

வியாழன் காலை 8.30க்கு என் படத்துடன், நீலப் பின்னணியில், பளபளவென்று அட்டை கைக்கு வந்தது. புஷ்பா தலை நிமிராமல் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பிறகு மெல்ல, "நான்தானே அக்கா நிரப்பச் சொன்னேன்" என்றார். எழுதியது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். அவரை முறைத்துவிட்டு வந்தேன்.

விசாரணை அறையின் காவலர் அட்டையைப் பார்த்ததும் கதவைத் திறந்துவிட்டார். முருகேசனுக்காக அமர்த்தப்பட்டிருந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மலாயில் ஏதோ வாசித்தார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மொழிபெயர்ப்பாளர் என்னிடம் வந்தார். "புகார்தாரர் வரல. அதனால கேஸ மூடிட்டாங்க. அவ்வளவுதாம்மா."

வெள்ளிக்கிழமை கிளம்பினேன். திருச்சியில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் அறந்தாங்கிக்குப் பேருந்து ஏறினேன். முருகேசனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். விமான நிலையத்தில், புகாரைத் தானாகவே விட்டுவிடுவதாக ஒரு தாளில் இடது கையால் கையெழுத்துப் போடச் சொன்னார்களாம். "பேர எழுதும்போது ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமேக்கா" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

பினாங்கைத் திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த அதிகாரியின் மீது கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். ஆனால் பதினான்கு வருடமாக நம் ஊர் அலுவலகங்களிலும் இதே கட்டத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். குவாரித் தொழிலாளர்களின் பெயர்கள், சாயப்பட்டறைப் பெண்களின் பெயர்கள். அந்தத் தாள்களின் நகல் யார் மேசைக்குப் போனது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவர்களில் யாரும் இதுவரை என்னை அழைத்ததில்லை. அதை நிம்மதியாக எடுத்துக்கொள்ள இப்போது முடியவில்லை.