கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குவார்ட்டர்ஸுக்கு இரண்டு பெண்மணிகள் வந்தார்கள். எதிர் பிளாக் பெண்ணைத் தங்கள் பையனுக்குப் பார்க்கிறார்களாம். "சும்மா இந்தப் பக்கம் வந்தோம்" என்று ஆரம்பித்தார்கள். ஆவடிக்கு யாராவது சும்மா வருவார்களா?

"பொண்ணு எப்படிங்க?"

"தங்கமான பொண்ணுங்க" என்றேன். வாயை மூடிக்கொண்டேன்.

"வேற ஏதாவது..."

"காபி ஆறுது பாருங்க."

அவர்கள் போனதும் என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கி, ஜுரம் வந்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். வாராவாரம் இந்தப் பக்கத்தில் என் வாயைத் தாங்கிக்கொண்டிருக்கும் உங்களுக்கும் நம்பிக்கை வராது. ஆனால் கல்யாண விசாரணை என்று யாராவது வாசலில் வந்து நின்றாலே எனக்கு ரப்பர் வாடை அடிக்கும். ஏன் என்று எழுதாமல் இத்தனை வருஷம் தள்ளிப்போட்டேன். இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஏற்றுமதிக் கம்பெனி. வெளிநாட்டில் கடலுக்குள் குதித்து மீன் பார்க்கிறவர்கள் போட்டுக்கொள்ளும் ரப்பர் உடுப்பு தைத்தோம். கறுப்பு. கழுத்திலிருந்து கணுக்கால்வரை உடம்பை இறுக்கிப் பிடிக்கும். ஸ்பாஞ்சு மாதிரி ரப்பர் ஷீட்டை வெட்டி, ஓரத்தில் மஞ்சள் சொல்யூஷன் தடவி ஒட்டி, அதன்மேல் தையல். நான் செக்கிங்கில் இருந்தேன்.

தைத்தால் போதுமா? நாலைந்து உடுப்பை எடுத்து, யாராவது போட்டுக்கொண்டு, பின்பக்க ஷெட்டில் இருந்த சிமெண்ட் தொட்டிக்குள் இறங்கிக் கைகாலை ஆட்டிப் பார்க்கவேண்டும் — ஒட்டு விடுகிறதா என்று. வெள்ளைக்கார ‘ஸ்மால்’ சைஸுக்குப் பொருந்தினவள் எங்களில் செல்வி ஒருத்திதான். குமணன்சாவடியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பழைய கிராமம். அப்பாவுக்குக் கொஞ்சம் நெல், கொஞ்சம் கத்திரிக்காய். கிணற்றில் குதித்து வளர்ந்தவள்.

"தண்ணின்னா எனக்கு இன்னாக்கா பயம்?" என்று சிரித்தாள். அவள் பேரை எழுதிக் கொடுத்தது நான்தான்.

மே மாதம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உடம்பெல்லாம் பவுடரைக் கொட்டிக்கொண்டு அந்த ரப்பருக்குள் நுழைவாள். கழற்றும்போது தொட்டித் தண்ணீர் எது, வியர்வை எது என்று தெரியாது. மூன்றாவது மாதம் கழுத்தைச் சுற்றிச் சிவந்தது. மணிக்கட்டு, கணுக்கால் — உடுப்பு இறுக்கும் இடமெல்லாம் பொடிப்பொடியாகக் கொப்புளம்.

"அரிச்சுகினே கீதுக்கா."

"வேர்க்குருடி. போய் நல்லாக் குளி" என்றேன். மகா டாக்டர்!

அவள் அம்மா பார்த்தார். மாரியாத்தா வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். வாசலில் வேப்பிலை. பத்து நாள் செல்வி வேலைக்கு வரவில்லை, கொப்புளம் வாடிவிட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கோயிலில் கூழ் ஊற்றி, மறுபடி தொட்டிக்குள் இறங்கினாள். மறுநாளே சிவப்பு. மறுபடி வேப்பிலை, மறுபடி பத்து நாள், மறுபடி வாடல். ஆத்தாளுக்கு எங்கள் கம்பெனிமேல் மட்டும் ஏன் இத்தனை கோபம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மூன்றாவது தடவை, ஆறின இடத்தில் வெள்ளை விழுந்தது. அப்புறம்தான் பயந்துபோய் அவளைத் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் எங்கள் ரப்பரில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, சொல்யூஷனோடு அவள் முதுகில் ஒட்டினார். இரண்டு நாள் கழித்துப் பிரித்தால் சதுரமாகச் சிவந்திருந்தது.

"இதுல இருக்கிற கெமிக்கல் இந்தப் பொண்ணுக்கு ஒத்துக்கல. இது ஒட்டாது, பரம்பரையும் இல்ல. ரப்பரைத் தொடாம இருந்தா கலர் மெதுவாத் திரும்பலாம். எப்போன்னு சொல்ல முடியாது" என்றார்.

"ஒட்டாதே டாக்டர்?" என்று நான் இரண்டு தடவை கேட்டேன். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

செல்வியைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அரிப்பு போயிற்று. வெள்ளை மட்டும் தங்கிவிட்டது — கழுத்தில் ஒரு வளையம், கையில் இரண்டு.

அந்தத் தை மாதம் அவளைப் பெண் பார்த்தார்கள். பையன் எங்கள் குவார்ட்டர்ஸ்தான். என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் அதே பேக்டரி. செல்வி காலர் வைத்த ஜாக்கெட், கை நிறைய வளையல். பிடித்துவிட்டது. பூ வைக்க நாளும் குறித்தார்கள். நடுவில் ‘விசாரிக்க’ப் பையனின் அம்மாவும் அக்காவும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"நீங்க ஒண்ணா வேலை செய்றீங்களாமே. பொண்ணு எப்டிம்மா?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எனக்கோ, இவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும், மனசில் சந்தேகம் இருக்கும், நாம் தீர்த்துவைப்போம் என்று ஒரு பெருமை. டாக்டர் பேச்சைக் காதால் கேட்டவள் இல்லையா நான்?

"ரொம்ப நல்ல பொண்ணுங்க. அந்தக் கழுத்து வெள்ளையைப் பத்திக் கவலையே படாதீங்க. ரப்பர் அலர்ஜி. ஒட்டாது, பொறக்கிற குழந்தைக்கும் வராது."

பையனின் அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். பாதிக் காபி இருந்தது.

"இன்னா வெள்ளை?"

எவ்வளவோ சொன்னேன். சொல்யூஷன், முதுகில் ஒட்டின துண்டு... டாக்டர் சீட்டை வாங்கிவந்து காட்டட்டுமா என்றுகூடக் கேட்டேன். நான் ‘ஒட்டாது’ என்று சொல்லச் சொல்ல, அந்த அக்கா பெஞ்சில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார். என்னை விட்டே!

பூ வைக்கவில்லை.

திங்கட்கிழமை செல்வியிடம் போனேன். "மறைச்சுக் கட்டிக் குடுத்தா நாளைக்கு உனக்குத்தானே கஷ்டம் செல்வி..." என்று ஆரம்பித்தேன்.

அவள் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யாருக்கா மறைச்சது? பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே வளையலை ஏத்திவுட்டு அவர்கிட்ட நானே காட்டிட்டேன். இதுக்கா இம்மாம் பயந்துகினு கீறேன்னு கேட்டாரு. அம்மாகிட்ட பக்குவமா நான் சொல்லிக்கிறேன், ஒரு வாரம் டைம் குடுன்னாரு. நாலு நாள்தான்க்கா ஆச்சு."

அந்த அம்மாள் ஒப்புக்கொண்டிருப்பாரா? தெரியாது. பையனுக்கு இன்னும் கொஞ்சம் தைரியம் இருந்திருக்கலாம். யாரை வேண்டுமானாலும் குற்றம் சொல்லிப் பார்க்கலாம், நானும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். தீரவில்லை. அவள் தனக்காகப் பேசி வைத்திருந்ததை, கேட்காமலே நடுவில் புகுந்து கெடுத்தவள் நான். அப்புறம் வந்த இரண்டு இடமும் "ஏற்கெனவே ஒண்ணு தட்டிப் போச்சாமே" என்று விசாரித்தபடியே போய்விட்டன. அந்தப் பையன் வேறு கல்யாணம் செய்துகொண்டு, இரண்டு குழந்தைகளோடு இங்கேதான் இருக்கிறார். எதிரில் வந்தால் தலையைக் குனிந்துகொள்வார். நானும்.

போன மாதம் அண்ணனூர் ஸ்டேஷனில் செல்வியைப் பார்த்தேன். அவளைப் பார்த்துப் பத்து வருஷம் இருக்கும். முகப்பேரில் ஒரு டெய்லர் கடையில் ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறாளாம். கல்யாணம் ஆகவில்லை. என் கண் எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியாதா? தானே முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள்.

"முழுசாப் போயிடுச்சுக்கா. மூணு வருஷம் ஆவுது."

"டாக்டர் அப்பவே சொன்னாரே..." என்றேன். பாருங்கள், அப்போதும் இந்த வாய்!

"ஆமாக்கா. சொன்னாரு" என்றாள். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

வண்டி வந்தது. அவள் லேடீஸ் பெட்டியில் ஏறினாள். நானும் அதே வண்டியில்தான் போகவேண்டும். ஏற முடியவில்லை.

அதெல்லாம் சரி, அந்த எதிர் பிளாக் பெண்ணுக்கு என்னதான் குறை என்று உங்களுக்கும் இந்நேரம் கேட்கத் தோன்றியிருக்குமே?

தங்கமான பொண்ணுங்க. காபி ஆறுது பாருங்க.