அலசுகிற தண்ணீர்

“ஆன்டிசெப்டிக் ஊத்துறத நிறுத்திட்டேன்னு சொல்றீங்க. நெஜமாவே நிறுத்தினீங்களா?” என்று டாக்டரம்மா கேட்டபோது எனக்குக் காது சுட்டது. நிறுத்திவிட்டேன் என்று இரண்டாம் முறையும் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. நான் பொய் சொல்கிறவள் இல்லை.

ஓராண்டாகவே எனக்கு இந்தத் தொல்லை. மாதவிலக்குக்கு நான்கைந்து நாள் முன்பே பிறப்புறுப்பில் அரிப்பு தொடங்கிவிடும். திரிந்த பால் போலத் திட்டுத் திட்டாக வெள்ளைபடும். விலக்கு வந்ததும் நாப்கின் உரசுகிற இடமெல்லாம் சிவந்து எரியும். அலுவலக மீட்டிங்கில் ஒரு நிலையில் உட்கார முடியாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பு பத்து நாள் தாங்கும், அடுத்த மாதம் மறுபடியும் வரும். கடைசியில் டாக்டரிடம் போனேன். பூஞ்சைத் தொற்று என்று சொல்லி, வாரம் ஒரு மாத்திரை வீதம் ஆறு மாதத்துக்கு எழுதினார். சோப்பு, வாசனைத் திரவம், ஆன்டிசெப்டிக் எதுவும் அங்கே படக் கூடாது, உள்ளாடை அலசுகிற தண்ணீரில்கூடக் கலக்கக் கூடாது என்று சீட்டிலேயே குறித்துக் கொடுத்தார்.

அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பெங்களூரு ஈஜிபுராவில் எங்கள் வீட்டுக்கு எழுத்து என்று எது வந்தாலும் நான்தான் வாசிப்பேன். மூன்றாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான். ரேஷன் கார்டு, கரண்ட் பில், அப்பாவின் ஆஸ்பத்திரிக் காகிதம், கன்னடமோ இங்கிலீஷோ, நான் வாசித்துச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு.

அம்மா ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறாள். பல வருஷமாகக் கழிவறை கழுவுகிறவளுக்கு, மருந்து வாசனை வந்தால்தான் சுத்தம். நான் வயசுக்கு வந்த நாளிலிருந்து விலக்கு நாட்களில் என் துணியை அவள்தான் துவைக்கிறாள். கடைசி வாளியில் இரண்டு மூடி ஆன்டிசெப்டிக் ஊற்றுவாள். சீட்டை வாசித்ததும், இனிமேல் ஊற்றமாட்டேன் என்று தலையாட்டினாள். நான் நம்பினேன்.

மாத்திரை கேட்டது. வெள்ளைபடுவது நின்றது. ஆனால் விலக்குதோறும் எரிச்சல் மட்டும் வந்தது. மூன்றாம் மாதம் மறுபடியும் சோதித்த டாக்டரம்மா, பூஞ்சை இல்லை, தோலுக்கு ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அந்த வாரமே விலக்கு வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்த ஒரு காலையில் கை கழுவக் குளியலறைக்குப் போனேன். அம்மா குந்தி உட்கார்ந்து என் துணியை அலசிக்கொண்டிருந்தாள். வாளித் தண்ணீர் கஞ்சி போல வெளுத்திருந்தது. அம்மாவின் யூனிஃபார்மிலும் அதே வாசனைதான் வீசும். அதனால் இத்தனை மாதம் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

“எத்தினி நாளா ஊத்துற?”

“ரெண்டு சொட்டுதான்டி. முன்ன மாதிரி இல்ல, கொறச்சிக்கினேன்.”

இரண்டு சொட்டில் ஒரு வாளி வெளுக்காது.

“நான் படிச்சுக் காட்டினேனே, மா.”

அம்மா பிழிவதை நிறுத்தவில்லை. “அந்தச் சீட்ட எங்க சூப்பர்வைசர் மேடம்கிட்ட காட்டினேன். டாக்டருங்க அப்படித்தான் எழுதுவாங்க, ரெண்டு சொட்டுல ஒண்ணும் ஆவாதுன்னாங்க. அவங்க டிகிரி படிச்சவங்க.”

நானும் டிகிரி படித்தவள்தான்.

போன மாதம் பஸ் ஸ்டாப்பில் அந்த மேடம் என்னைப் பார்த்து, உடம்பு இப்போது தேவலையா என்று குரலைத் தாழ்த்தி விசாரித்தார். எந்த உடம்பைக் கேட்கிறார் என்று புரியாமல் சிரித்துவைத்தேன். அம்மா என் அலமாரியிலிருந்து சீட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, வேலைக்கு நடுவில் அதை அவரிடம் விரித்துக் காட்டியிருக்கிறாள். நான் சரியாக வாசித்தேனா என்று கேட்டிருக்கிறாள்.

“நீ சின்னப் பொண்ணு. சரியா புரிஞ்சிக்கினியோ இல்லியோன்னு ஒரு பயம். உன் நல்லதுக்குத்தானே கேட்டேன்” என்றாள்.

டாக்டரம்மா சந்தேகப்பட்டது சரிதான். எனக்கே தெரியாமல் அவர் முன்னால் இரண்டு முறை பொய் சொல்லியிருக்கிறேன். இந்த வீட்டில் நான் வாசித்த எதையெல்லாம் இப்படி வெளியே கொண்டுபோய்ச் சரிபார்த்தாள் என்று யோசிக்கத் தொடங்கினால் நிற்கவில்லை.

மறுநாள் வேலையிடத்தில் கொடுத்த ஏதோ படிவத்தை என்னிடம் நீட்டினாள். “உங்க மேடம்கிட்டயே காட்டு” என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அதை மடித்து டிவி மேல் வைத்தாள். நான்கு நாளாக அங்கேயே இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் கை போகிறது. எடுக்கவில்லை.

எனக்கென்று ஒரு வாளி வாங்கிவிட்டேன். இன்று காலை என் உள்ளாடைகளை நானே துவைத்து, வெறும் தண்ணீரில் மூன்று முறை அலசி, மொட்டை மாடிக்கு எடுத்துப்போய், மேலே துண்டு எதுவும் போட்டு மறைக்காமல் வெயிலில் காயப்போட்டேன்.