எழுத்து வராத இடம்

பிரேமலதா ரசிக்கும் படங்களை அந்த ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளில் வேறு யாரும் பத்து நிமிடம் தாங்கமாட்டார்கள். சண்டை கிடையாது, பாட்டு கிடையாது. ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு குசினி. அவள் வெங்காயம் நறுக்குவாள், அவன் ஜன்னலைப் பார்ப்பான், அதற்குள் ஒரு குடும்பம் உடைந்து போயிருக்கும். கரவனெல்லை டவுனில் போன் கடை வைத்திருக்கும் ஷிப்னாதான் அவற்றைத் தேடிப் பிடித்து சிப்பில் ஏற்றித் தருவாள்.

"அக்கா, இந்தத் தூங்குமூஞ்சிப் படத்தக் கேட்டு வாற ஒரே ஆள் நீங்கதான். என்னதான் இருக்கு இதுல?"

"யாரும் கத்தமாட்டாங்க பாருங்க, அதான்," என்பாள் பிரேமலதா.

படங்கள் எங்கெங்கோ தேசத்தவை. அடியில் சிங்கள எழுத்து ஓடும். தோட்டத்துக்குக் கிட்ட இருந்தது சிங்களப் பள்ளிக்கூடம்தான் என்பதால், அவள் அதைக் கடகடவென்று படித்துவிடுவாள். கணவன் கிருஷ்ணராஜுக்குச் சிங்களம் பேச்சில் சரளம், படிக்கத்தான் வராது. பஸ்ஸின் பெயர்ப்பலகையைக்கூடப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத்தான் ஏறுவான். ஆகவே, ரப்பர் பால் வெட்டி முடித்து, பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்து, அவள் தனியாகத்தான் படம் பார்ப்பாள்.

மகள் இருந்தவரை அது பொழுதுபோக்கு. பிறகு அது இல்லாமல் மூச்சு விட முடியவில்லை.

மகள் லக்ஷிகா ஏழு வயதில் காய்ச்சலில் போனாள். கணவன் பெயரை மனைவி வாயால் சொல்லும் வழக்கம் அந்த லயத்தில் இல்லை. பிள்ளை பிறந்ததிலிருந்து பிரேமலதா அவனை "லக்ஷிகாப்பா" என்றுதான் கூப்பிட்டு வந்தாள். அடக்கம் முடிந்து வந்த அன்று, அவனைச் சாப்பிடக் கூப்பிட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தச் சொல் வாயில் வரவில்லை. அன்றிலிருந்து கூப்பிட வேண்டுமென்றால் தட்டைச் சத்தமாக வைப்பாள், இல்லாவிட்டால் செருமுவாள். அவனும் மகள் பெயரை ஒரு தடவைகூட வாயில் எடுக்கவில்லை. இரண்டு வருஷம் அப்படியே போய்விட்டது.

இப்போது அவன் கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போகிறான். விடிந்தால் பஸ். பை கதவோரம் தயாராக இருந்தது. அப்படிப் போனவர்களை அவள் பார்த்திருக்கிறாள். முதலில் மாதா மாதம் வருவார்கள், பிறகு தீபாவளிக்கு, பிறகு அதுவும் நின்றுபோகும். கூப்பிட ஒரு சொல்கூட இல்லாத வீட்டுக்கு இவன் எதற்குத் திரும்பி வரப்போகிறான்?

அன்று காலையிலிருந்தே மழை. பால் வெட்டு இல்லை. அவன் வாசற்படியில் குந்தியிருந்தான். பிரேமலதா செருமினாள்.

"ஒரு படம் பாப்பமா?"

"ஒன்னோட படமா? அய்யோ சாமி."

"போறதுக்கு முன்ன ஒரே ஒரு தடவ. எழுத்த நான் படிச்சுச் சொல்றேங்க."

அவள் குரலில் எதுவோ அவனை எழுந்து வர வைத்தது. போனை அரிசி வாளிமேல் சாய்த்து வைத்தாள். பனி பெய்யும் ஏதோ ஊர். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தம்பதி. எழுத்து வர வர அவள் தமிழில் சொன்னாள்.

"சூப் ஆறுதுங்கிறா. அப்புறமா குடிக்கிறேங்கிறாரு."

"இதச் சொல்லத்தான் படம் புடிச்சானுங்களா?"

"பேசாம பாருங்க."

திரையில் இருவரும் மேசைக்கு வந்து எதிரெதிரே உட்கார்ந்தார்கள். யாரும் அசையவில்லை. கிருஷ்ணராஜ் போனைத் தட்டினான்.

"என்னா, ஸ்டக் ஆயிருச்சா?"

"இல்லங்க, ஓடுது. அந்த ஜன்னல் சீல ஆடுது பாருங்க."

இந்த இடத்துக்காகத்தான் அவள் இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். இதைப் பார்த்தால் அவன் தானாக வாய் திறப்பான் என்று நம்பியிருந்தாள். அவனோ கொட்டாவி விட்டான். ஒரு கையைத் தரையில் ஊன்றினான். எழுந்துவிடப் போகிறான். இனி இப்படி ஒரு மழைநாள் எங்கே கிடைக்கும்?

"அவ சொல்றா..." என்று ஆரம்பித்தாள் பிரேமலதா. "புள்ளயும் போயிருச்சு. இனி நான் ஒங்கள என்னான்னு கூப்புடுறது? நீங்களும் போயிட்டா நான் யாரக் கூப்புடுறதுன்னு கேக்குறா."

தகரத்தில் மழை கொட்டியது. அவன் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

"எழுத்து ஒன்னும் வரலயே," என்றான்.

பிரேமலதாவுக்கு உடம்பு கூசியது. படிக்கத் தெரியாதவனிடம் எதையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாளே. எழுத்து வரவில்லை என்று தெரிந்துகொள்ளப் படிப்பா வேண்டும்? போனை அணைக்கக் கை நீட்டினாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"இரு. அந்தாளு என்னமோ சொல்றாரு."

திரையில் இருந்த மனிதன் வாயே திறக்கவில்லை.

"என்னாங்க சொல்றாரு?"

"முந்தி கூப்புட்ட மாதிரியே கூப்புடச் சொல்றாரு." என்றான், பிடியை விடாமல். "அதக் கேட்டா நெஞ்சு வெடிச்சிருமோன்னு பயந்துதான் ஓடப் பாக்குறாராம். கேக்காம இருந்தாலும் வெடிக்குதாம்." பிறகு, யாரையும் பார்க்காமல், "லக்ஷிகா," என்றான். தலையை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டான்.

அவளுக்கோ அப்போதும் அந்தச் சொல் வரவில்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடின.

மறுநாள் வானம் வெளுத்திருந்தது. அவன் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். வெட்டுக் கத்தியோடு வாசலில் நின்றவள், அவன் ரப்பர் மரங்களுக்குள் மறையப்போகும் நேரம் வாயைத் திறந்தாள்.

"லக்ஷிகாப்பா!"

குரல் கிழிந்து வந்தது. பக்கத்து மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் நின்றான். திரும்பவில்லை.

"ஆ?" என்றான், முன்பெல்லாம் சொல்வதுபோலவே.

"நேரத்துக்குச் சாப்புடுங்க."

"ஹரி, சாப்புடுறேன்."

பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தான். கீழே ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. வருவானா என்று அவளுக்குத் தெரியாது. போய் முதல் மரத்தில் கத்தியை வைத்தாள். கண் அவன் போன பாதையில் இருந்ததில் வெட்டு பட்டையைத் தாண்டி மரத்துக்குள் இறங்கிவிட்டது.

"ஏ புள்ள, மரத்தக் கொல்றியா?" என்று மேற்பார்வைக் கங்காணி மேட்டிலிருந்து கத்தினார்.