கடல் இறங்கும் நேரம் பார்த்துச் சாம்பல் கரைத்த கதை

சென்ற மாதம் என் வீட்டுக்காரர் காலமானார். வியாழக்கிழமை ஈப்போவில் தகனம். மறுநாள் சாம்பலைக் கடலில் கரைக்கத் தெலுக் பாத்தேக் கடற்கரைக்குப் போனோம். இதே காரியமாகப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

குனோங் ராபாட் வீட்டிலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்பினோம். ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். மகள் கார் ஓட்டினாள். சிவப்புத் துணி கட்டிய சட்டி என் மடியில். ஆயர் தாவாரில் தேநீருக்கு நிறுத்தினாள். சாம்பலோடு கடைக்குள் நுழையக்கூடாதே, நான் காரிலேயே இருந்தேன். பையில் கட்டி வாங்கிவந்து கொடுத்தாள். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். முப்பது வருடம் அவர் குலை ஏற்றி லாரி ஓட்டிய சாலை. சட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எட்டேகாலுக்குச் சேர்ந்தோம். சுங்காயிலிருந்து கொழுந்தனார் குடும்பம் முன்பே வந்து பாய் விரித்திருந்தது. மொத்தம் பதினான்கு பேர்.

"அண்ணி, பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள முடிச்சிரணும் லா," என்றார் கொழுந்தனார்.

படகு நூற்றெண்பது ரிங்கிட், ஆறு பேர் ஏறலாம். படகுக்கார மலாய்க்காரர் சட்டியைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார். நீர் ஏறிக்கொண்டிருக்கிறது, இப்போது போட்டால் கரைக்கே திரும்பிவிடும் என்றார். முன்பு ஒரு குடும்பம் அவசரப்பட்டதாம். மாலையும் சாம்பலும் குளிக்கிறவர்கள் காலடியில் ஒதுங்கினவாம்.

எப்போது இறங்கும்? அது எப்படித் தெரியும்? தினமும் ஒரே நேரமா? விடாமல் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். நாள்வாரியாக நேரங்கள். தோட்டப் பள்ளியில் ஐந்தாவது வரைதான் படித்தேன். ஆனாலும் விரல் வைத்து நானே படித்துவிட்டேன். பத்து ஐம்பதுக்கு நீர் உச்சம், பிறகு இறக்கம். வெள்ளிக்கிழமைத் தொழுகை இருப்பதால் பன்னிரண்டுக்குள் திரும்ப வேண்டும் என்றார் படகுக்காரர். ஆக, ராகு காலத்தில்தான் போக முடியும்.

"அண்ணனை ராகு காலத்துலயா அனுப்புறது? சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க?"

"உங்க அண்ணன் என்னிக்குத் தம்பி ராகு காலம் பார்த்து லாரி எடுத்தாரு? கரையில ஒதுங்குனா யாரு அள்ளுறது, நீங்களா?"

"அண்ணிகிட்ட யாரு பேசி ஜெயிக்கிறது!"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் பதினொன்று பத்துக்குக் கால்சட்டையை மடித்துக்கொண்டு படகில் முதலில் ஏறியவர் அவர்தான்.

பத்து நிமிடம் போய் இயந்திரத்தை நிறுத்தினார் படகுக்காரர். நானும் கொழுந்தனாரும் சேர்ந்து சாய்த்தோம். உடனே மூழ்கிவிடும் என்று நினைத்திருந்தேன். கனமானவை மூழ்கின, மாவு மாதிரி இருந்தது மட்டும் பச்சைத் தண்ணீரில் மேகமாக நின்றது. பிறகு மெதுவாக, வெளிக்கடல் பக்கம் நகர்ந்தது. சாமந்திப் பூக்களும் பின்னாலேயே போயின. அவை போகும் திசையைப் படகுக்காரர் தாடையால் காட்டினார்.

போகிறவர்கள் முந்தின நாளே படகுக்காரரிடம் நீர் நேரம் கேளுங்கள். பஞ்சாங்கத்தை அப்புறம் பாருங்கள். வெள்ளி மதியம் படகு கிடைப்பது சிரமம். பூமாலையின் நாரைப் பிரித்துவிட்டு உதிரிப் பூவாகப் போடுங்கள். மாற்றுத்துணி அவசியம்.

மற்றவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, நான்கு மணிக்கு நீரோரமாக நடந்து பார்த்தேன். ஒரு சாமந்திகூடத் திரும்பி வரவில்லை. நான் வேண்டிக்கொண்டதும் அதுதான். இருந்தாலும் இன்னொரு தடவை நடந்து பார்த்தேன்.